கதவுக்குள் ஒரு கதவு: வாசகர் கேள்வி பதில்

நாய், பூனை போய்வரக் கதவில் வழி வெட்டுவது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, மரவேலையும் பிராணி வளர்ப்பும் அறிந்தவர்களிடம் பதில் வாங்கியிருக்கிறோம். வெட்டிய ஓட்டையில் தொங்கி ஆடும் பலகையை இங்கே ‘தட்டி’ என்றே எழுதுகிறோம்.

எங்கட பூனை விடியப்புறம் மூன்று மணிக்குக் குசினிக் கதவைப் பிறாண்டத் தொடங்கினால் வீட்டில ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. கதவில ஒரு வழி விடலாம் எண்டு நினைக்கிறம். என்ன அளவு வேணும்?
(வாசகி, கொக்குவில்)

மூன்று அளவு எடுங்கள். தோள்ப்பக்கத்தின் ஆகக்கூடிய அகலம் ஒன்று. நெஞ்சின் அடியிலிருந்து முதுகின் தோள்மேடு வரை உயரம் இரண்டு. தரையிலிருந்து வயிறு வரை மூன்று. முதல் இரண்டோடும் 4 அல்லது 5 செ.மீ. கூட்டினால் அதுதான் ஓட்டையின் அகலமும் உயரமும். ஓட்டையின் கீழ் விளிம்பு வயிற்று உயரத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் ஊர்ப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு 15 – 16 செ.மீ. அகலம், 17 – 18 செ.மீ. உயரம் போதும், கீழ் விளிம்பு தரையிலிருந்து 10 – 12 செ.மீ. இருக்கலாம். தலையின் உயரத்தைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, எந்தப் பிராணியும் தலையைக் குனிந்துதான் நுழையும். குட்டி என்றால் வளர்ந்த பூனையின் அளவுக்கே வெட்டுங்கள்.

அளவு நாடாவைக் கண்டால் பூனை விளையாடத் தொடங்கிவிடும். ஆகவே காட்போட் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதில் இந்த அளவுக்கு வெட்டி, வாசலில் நிறுத்தி, மறுபக்கம் இரண்டு நெத்தலிக் கருவாட்டை வையுங்கள். முதுகு உரசாமல், காலைத் தூக்கித் தயங்காமல் போனால் அளவு சரி. கதவை வெட்டிய பிறகு திருத்துவதைவிட மட்டையைத் திருத்துவது மலிவு.

இன்னொன்று. குசினிக் கதவுக்கு வெளியே படி பெரும்பாலும் 15 – 20 செ.மீ. தாழ்ந்திருக்கும். உள்ளே 10 செ.மீ. என்று வெட்டியது வெளியிலிருந்து 25 – 30 செ.மீ. ஆகிவிடும். பூனை பாய்ந்துவிடும். வயதுபோன நாய் வாசலில் நின்று குரைக்கும். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். தேவையென்றால் வெளியே ஒரு சீமெந்துக்கல்லைப் படியாக வையுங்கள்.

பூனைக்கு வழி விட்டால் பாம்பும் அதே வழியால் வராதா? வளவில பத்தை, பக்கத்தில தோட்டம்.
(வாசகர், சாவகச்சேரி)

வரும். அதை மனதில் வைத்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

காந்தம் வைத்த தட்டி எலியையும் பாம்பையும் ஓரளவுக்குத் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. எலி மூக்கால் தள்ளிப் பழகிவிடும். கட்டுவிரியனுக்கு ஒரு விரல் இடைவெளியே போதும். அது இரவில் நடமாடுவது, தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைக் கடிப்பது, கடிக்கும்போது பெரிய வலி தெரியாதது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அதை இவ்வளவு ஆபத்தாக்குகின்றன. சுருட்டை விரியன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாராளம். மட்டத்தேளைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே தட்டியோடு ஓர் அடைப்புப் பலகை கட்டாயம் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் சட்டங்கள் பலவற்றில் மேலிருந்து இறக்கிச் செருகும் பலகை ஒன்று கூடவே வரும். வராவிட்டால் ஓடாவியிடம் சொல்லி உட்பக்கத்தில் இரண்டு தவாளிச் சட்டம் அடித்து, 6 மி.மீ. பிளைவூட் ஒன்றை இறக்கிவிடலாம். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பொழுதுபடும்போது பூனையை உள்ளே எடுத்துப் பலகையை இறக்குங்கள், விடிந்தபின் தூக்குங்கள். இரவுக்கு ஒரு தட்டில் மணல் வைத்துவிட்டால் பூனை கதவைப் பிறாண்டத் தேவையில்லை. கொக்குவில் வாசகியும் இதைக் கவனிக்க வேண்டும்: மூன்று மணிக்குக் கதவு திறக்கிற வேலைக்கு மருந்து தட்டி அல்ல, மணல் தட்டுத்தான்.

எந்தக் கதவில் வைப்பது என்பதும் முக்கியம். படுக்கை அறைக் கதவு ஒருபோதும் வேண்டாம். குசினி அல்லது கிறில் அடித்த பின் விறாந்தைக் கதவில் வைத்து, அதற்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவில் இன்னொரு மூடிய கதவு இருக்கும்படி பாருங்கள். வெளியே ஒரு மீற்றர் சுற்றளவில் விறகு, பொச்சு, ஓலை, கல்லுக் குவியல் ஒன்றும் இருக்கக்கூடாது.

பூனைச் சாப்பாட்டுக் கோப்பையை இரவில் தரையில் விடாதீர்கள். மிச்சச் சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். 2024 மார்கழியில் வெள்ளத்தோடு எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களை வாங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசியாக, குனிந்து உங்கள் கதவின் அடியைப் பாருங்கள். அங்கே இரண்டு விரல் இடைவெளி இருந்தால், பூனைக் கதவு வைத்தாலும் வைக்காவிட்டாலும் பாம்புக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதற்கு றப்பர் பட்டியோ தும்புப் பட்டியோ அடியுங்கள்.

எங்கட பின் கதவு வேம்புப் பலகையில் செய்த பழைய பனல் கதவு. ஓடாவியார் “வெட்டினால் கதவு தொய்யும்” எண்டு சொல்றார். உண்மையோ?
(வாசகி, நல்லூர்)

வெட்டும் இடம் பிழைத்தால் உண்மை. பனல் கதவின் பலம் அதன் நெடுஞ்சட்டங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் இருக்கிறது. அடிக் குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்துக்குள் இறங்கும் மூட்டை வெட்டினால் சில மாதங்களில் கதவு மூலையில் இறங்கி நிலத்தில் உரசும். சட்டங்களுக்கு நடுவில் உள்ள பலகை பாரம் தாங்குவதில்லை, அதில் வெட்டலாம். அடிப் பலகையில் வெட்டினால் ஓட்டை தரையிலிருந்து 20 – 25 செ.மீ. உயரத்தில் வரும். பூனைக்கு அது பெரிய விடயமில்லை. நாய்க்கு உட்பக்கமும் ஒரு படி வேண்டும்.

தடிப்புத்தான் அடுத்த சிக்கல். சட்டம் ஒன்றரை அங்குலம், பலகை முக்கால் அங்குலம் என்று ஒரே கதவில் இரண்டு தடிப்பு இருக்கும். வாங்கிய தட்டியின் சட்டம் பாதி பலகையிலும் பாதி கதவுச் சட்டத்திலும் உட்கார்ந்தால், இறுக்கும்போது பிளாஸ்ரிக் வளைந்து தட்டி உரசும். முழுவதும் பலகைக்குள் அடங்கும்படி வையுங்கள். அடங்காவிட்டால் பலகைப் பக்கம் மரத்துண்டு வைத்து மட்டமாக்க வேண்டும். அந்தத் துண்டைப் பலகையில் மட்டும் ஒட்டுங்கள். மாரியில் பலகை ஊதும், கோடையில் சுருங்கும். இரண்டிலும் ஒட்டினால் பலகை வெடிக்கும்.

பெட்டியில் மூன்று அளவு போட்டிருக்கும்: தட்டியின் அளவு, வெட்டும் அளவு, வெளிச்சட்டத்தின் அளவு. ஓடாவிக்குச் சொல்ல வேண்டியது நடுவில் உள்ளது. தட்டியின் அளவுக்கு வெட்டிவிட்டுச் சட்டம் இறங்கவில்லை என்று மீண்டும் அராவுவதும், வெளிச்சட்டத்தின் அளவுக்கு வெட்டிவிட்டுத் திருகாணி பிடிக்க மரமே இல்லாமல் நிற்பதும் அடிக்கடி நடப்பவை.

வேலை முறை இது. கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றி இரண்டு மரக்குதிரைமேல் (வேலைக்கு மரத்தைத் தாங்கும் கால்கள்) படுக்க வையுங்கள். பெட்டியோடு வரும் கடதாசி அச்சை உட்பக்கம் ஒட்டி, மட்டம் பாருங்கள்; 2 மி.மீ. சரிந்தாலும் தட்டி ஒரு பக்கம் உரசும். வெட்டுக்கோட்டின் மேல் மறைப்பு நாடா ஒட்டினால் சிலாம்பு எழாது. நான்கு மூலையிலும் கோட்டுக்கு உள்ளே 10 மி.மீ. துளை போடுங்கள், அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்தே துளையுங்கள். பிறகு ஜிக்சோ வாளால் மூலைக்கு மூலை. ஜிக்சோ வாளின் பல் மேல்நோக்கி வெட்டுவதால் மேற்பக்கம்தான் பிய்யும், ஆகவே கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் பக்கத்தை மேலே வையுங்கள்.

வெட்டிய விளிம்பில் பூச்சில்லாத வெறும் மரம் தெரியும். அதற்கு அடிப்பூச்சும் இரண்டு கைப் பெயின்ற்றும் அடித்துக் காயவிட்ட பிறகே சட்டத்தைப் பூட்டுங்கள். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இது. மாரியில் தண்ணீர் குடித்து மரம் உக்கத் தொடங்குவதும் இங்கேதான். திருகாணிகளை மூலைவிட்டமாக மாறி மாறி, கையாலேயே இறுக்குங்கள். ட்ரில்லால் இறுக்கினால் பிளாஸ்ரிக் வெடிக்கும். தட்டியைத் தள்ளிவிட்டால் சில தடவை ஆடி நடுவில் தானாக நிற்க வேண்டும். வெளிப்பக்கம் மேல் விளிம்புக்கும் இரு பக்கத்துக்கும் சிலிக்கோன் பூசுங்கள். அடி விளிம்பை விட்டுவிடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற அதுதான் வழி.

உள்ளே வெறுமையான பிளஷ் கதவு என்றால், வெட்டிய பிறகு உள்வெளியின் தடிப்புக்கு மரச்சட்டம் சீவி நான்கு பக்கமும் ஒட்டுப்பசையோடு நுழைக்க வேண்டும். அது இல்லாமல் திருகாணியை இறுக்கினால் இரு பக்க மெல்லிய பலகையும் ஒன்றோடொன்று நசியும்.

நியூட்டன்தான் பூனைக் கதவைக் கண்டுபிடித்தவர் எண்டது சரியோ?
(மாணவர், வட்டுக்கோட்டை)

பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டையும் குட்டிகளுக்குச் சின்ன ஓட்டையும் வெட்டினார் என்பது சுவையான கதை, நம்பத்தக்க சான்று இல்லை. அவருக்கு முன்பே பூனை ஓட்டைகள் இருந்தன. இங்கிலாந்தின் எக்செற்றர் பேராலயத்தில் மணிக்கூட்டுக்குக் கீழேயுள்ள கதவில் 400 ஆண்டு பழைய ஓட்டை ஒன்று இன்னும் இருக்கிறது. மணிக்கூட்டுப் பொறிக்குப் பூசிய மிருகக் கொழுப்பைத் தின்ன எலி வந்தது, எலிக்காகப் பூனை.

கதவை விட்டுச் சுவரில வைக்கலாமோ?
(வாசகர், அரியாலை)

சீமெந்துக்கல்லுச் சுவர் என்றால் வைக்கலாம். 6 அங்குலக் கல்லோடு இருபக்கப் பூச்சும் சேர்ந்து 18 செ.மீ. அளவு வரும். கதவுக்கென்று செய்த சட்டம் அதற்குப் போதாது, நடுவில் குகை மாதிரி ஒரு பெட்டி வேண்டும். பூச்சை மட்டும் நம்பாமல் பி.வி.சி. பலகையாலோ அலுமினியத் தகட்டாலோ நான்கு பக்கமும் உறை போடுங்கள். அடித்தட்டு வெளிப்பக்கம் 5 மி.மீ. சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் குசினிக்குள் வரும். கிறைண்டரில் வைரத்தட்டுப் போட்டு இரு பக்கமும் கோடு வெட்டிய பிறகே உளியால் எடுங்கள். சம்மட்டியால் தொடங்கினால் பூச்சு ஒரு பாய் அளவுக்குக் கழன்று விழும். கரண்ட் வயர் போகும் குழாய் எங்கே என்று முதலில் பாருங்கள்; சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர்கீழே வெட்டவே வேண்டாம். பூனை ஓட்டைக்கு மேலே தனி லின்டல் (மேற்சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டு) தேவைப்படாது. பெரிய நாய்க்கு 35 – 40 செ.மீ. அகலம் வெட்டினால் மேசனிடம் சொல்லிக் கம்பி போட்ட சின்ன லின்டல் வையுங்கள்.

பழைய சுண்ணாம்புக்கல் வீடு என்றால் சுவரைத் தொடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் உருவம் ஒழுங்கில்லாத கல்லுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை உருவினால் மேலே எத்தனை வரும் என்று மேசனாலும் சொல்ல முடியாது.

போன வருசம் பூட்டின தட்டி இப்ப மூடுதில்லை. காந்தம் கறள். காத்துக்கு இரவிரவாக டக் டக் எண்டு அடிக்குது.
(வாசகி, பருத்தித்துறை)

கடற்கரைப் பக்கம் இது எதிர்பார்க்க வேண்டியதே. சாதாரண நாகம் பூசிய திருகாணி உப்புக்காற்றில் ஓர் ஆண்டுகூடத் தாங்காது. 304 தர துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள். கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் என்றால் 316. காந்தம் கறள் பிடித்துப் பூரிப்பதால் தட்டியைத் தூக்கிவிடும். அதை நோண்டி எடுத்து, பிளாஸ்ரிக் உறையிட்ட காந்தம் வைத்துச் சுற்றிவர எபொக்சி பூசுங்கள்.

மெல்லிய வளையும் தட்டி வெயிலில் கடினமாகி ஓரம் சுருண்டிருக்கும். மேற்குப் பார்த்த கதவில் இது கெதியாக நடக்கும். கடினமான பொலிகாபனேற் தட்டி கூடக் காலம் நிற்கும், ஆனால் வாலில் விழுந்தால் நோகும். அடியில் தும்பு விளிம்பு உள்ளதாகப் பாருங்கள். வாடைக்காற்று வடக்கும் கிழக்கும் பார்த்த கதவில் மழையையும் கொண்டுவரும், சோளகம் மற்றப் பக்கத்தில் புழுதியைக் கொண்டுவரும். தெரிவு இருந்தால் வாடைக்கு முதுகு காட்டும் கதவில் வையுங்கள். இல்லாவிட்டால் தட்டிக்கு மேலே 15 செ.மீ. நீண்ட தகரத் தாழ்வாரம் ஒன்று போதும். சத்தத்துக்கு, தட்டி தட்டுப்படும் விளிம்பில் ஒட்டும் பஞ்சுப்பட்டி.

கனடாவிலிருந்து மகன் மைக்றோசிப் வாசிக்கும் பூனைக் கதவு அனுப்பினவர். இங்க வேலை செய்யுமோ?
(வாசகர், சுன்னாகம்)

பெரும்பாலானவை பற்றறியில் இயங்குவதால் கரண்ட் வோல்டேஜ் வித்தியாசம் பிரச்சினை இல்லை, கரண்ட் போனாலும் இயங்கும். பூனையின் தோலுக்குக் கீழே சிப் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேட்டுப் போட வேண்டும். 15 இலக்கம் கொண்ட, 134.2 கிலோஹேர்ட்ஸ் சிப்பை இந்தக் கதவுகள் வாசிக்கும். சில வகைக்குக் கழுத்துப்பட்டியில் கொழுவும் வில்லையும் கூட வரும்.

மூன்று விடயம் கவனியுங்கள். தகரக் கதவிலோ இரும்புக் கிறிலிலோ நேராகப் பூட்டினால் உலோகம் சிப்பை வாசிக்க விடாது. சுற்றிவரப் பெரிய ஓட்டை வெட்டி, அதில் பிளைவூட் பலகை வைத்து, அதன் நடுவில் பூட்டுங்கள். இரண்டாவது, பல மொடல்கள் உள்ளே வரும்போது மட்டுமே வாசிக்கும், வெளியே போக எதற்கும் திறக்கும். மூன்றாவது, பழக்கும் பொத்தானை அமத்தினால் அடுத்து நுழையும் சிப்பைத்தான் அது பதிந்துகொள்ளும். பக்கத்து வீட்டுக் கடுவனுக்கும் சிப் இருந்து, அது முந்திக்கொண்டால் அதற்கும் உங்கள் வீட்டில் உரிமை வந்துவிடும். பற்றறி இறங்கியதைக் காட்டும் சின்ன விளக்கை வாரம் ஒருமுறை பாருங்கள், பூனை வெளியே நிற்கும்போது பற்றறி செத்தால் பூட்டியது பூட்டியபடியே இருக்கும். கழுத்துப்பட்டியில் தொங்கும் காந்தமே திறப்பாக உள்ள கதவு வகையை நாம் சிபாரிசு செய்வதில்லை. பூனை போகிற வழியெல்லாம் ஆணியும் போத்தல் மூடியும் ஒட்டிக்கொண்டு வரும்.

பெரிய நாய், இரண்டு வயசுப் பேரன், வளவில கிணறு. நாய்க் கதவு வைக்கலாமோ? அதால கள்ளர் வரமாட்டினமோ?
(வாசகி, மானிப்பாய்)

வேண்டாம். பெரிய நாய் நுழையும் ஓட்டையால் இரண்டு வயதுப் பிள்ளை தவழ்ந்து போகும், ஒரு நிமிடம் போதும். ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்றால், கிணற்றுக் கட்டு உயரமாகவும் மேலே பூட்டிய கம்பி மூடியோடும் இருந்தாலும், பேரன் நிற்கும் நாட்களில் அடைப்புப் பலகையைத் தாழ்ப்பாள் போட்டு மூடியே வையுங்கள். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இது எங்கள் முடிவான கருத்து.

களவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டையால் கையை விட்டு உட்தாழ்ப்பாளை எடுப்பதுதான் வழமையான முறை. தட்டிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் 90 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், அடித் தாழ்ப்பாள் இருந்தால் அதற்குச் சின்னப் பூட்டுப் போடுங்கள். தானாக வெளியே போய்வரும் நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது, பூனைக்கும் அப்படியே.

எல்லாம் பூட்டியாச்சு. பூனை கிட்டவும் போகுதில்லை!
(வாசகி, உரும்பிராய்)

சிலிக்கோன் மணமாக இருக்கலாம். புளிச்ச விநாகிரி மணம் போக ஒரு நாள் விடுங்கள். பிறகு தட்டியை நூலால் முழுக்கத் தூக்கிக் கட்டி மூன்று, நான்கு நாள் வெறும் ஓட்டையாகவே விடுங்கள். அடுத்து உடுப்புக் கவ்வி ஒன்றால் பாதி திறந்தபடி பிடித்து வையுங்கள், மறுபக்கம் நெத்தலி. பிறகு கவ்வியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறக்கலாம். பூனையைப் பிடித்துத் தள்ளினால் ஒரு மாதம் பின்னுக்குப் போகும். நாய்க்கு இவ்வளவு வேண்டாம், நீங்கள் வெளியே நின்று கூப்பிட்டால் வரும்.

நாங்கள் வாடகை வீட்டில. கதவை வெட்ட வீட்டுக்காரர் விடமாட்டார்.
(வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

ஜன்னலைப் பாருங்கள். கிறில் கம்பிகளுக்கு இடையில் 10 செ.மீ.க்குக் குறைவான இடைவெளிதான் பெரும்பாலும் இருக்கும், அதற்குள்ளால் பூனை சிரமப்பட்டே நுழையும். ஆகவே கம்பி இல்லாத அல்லது அகலக் கம்பியுள்ள ஜன்னல் வேண்டும். அதில் ஒரு கண்ணாடியை மட்டும் கழற்றி, அதே அளவுக்கு 9 மி.மீ. மரீன் பிளைவூட் வெட்டி, அதில் தட்டியைப் பூட்டி, கண்ணாடி நின்ற தவாளியிலேயே நிறுத்துங்கள். வெளியே ஏறி இறங்க ஒரு பலகைத் தட்டு. கழற்றிய கண்ணாடியைச் சாக்கில் சுற்றி, எந்த ஜன்னல் என்று எழுதி அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். வீடு விடும் நாளில் வீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.